எதுல பவர் அதிகம்? அமுக்கரா வாங்குவதற்கு முன்னால் போட்ட கணக்கு

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அமுக்கரா என்கிற அஸ்வகந்தா மூலிகை ஐந்து ரூபத்தில் உட்கார்ந்திருந்தது. அப்பாவுக்கு 68 வயது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிட்டால் அப்புறம் தூக்கம் கிடையாது, விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கூட வாக்கிங் போகிற ஒருவர் "அஸ்வகந்தா சாப்பிடுங்க சார், அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவீங்க" என்று சொல்லிவிட்டார், அப்பா அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டார், அவ்வளவுதான், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டோம். அம்மா கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் கிழங்காகவே, அதாவது காய்ந்த வேராகவே, 100 கிராம் வாங்கி வந்தார். அத்தை தான் சாப்பிடும் அமுக்கரா சூரணத்தில் ஒரு டப்பா கொடுத்துவிட்டார். நான் மருந்துக் கடையில் 300 மில்லிகிராம் கேப்சூல் வாங்கினேன். தம்பி ஆன்லைனில் தள்ளுபடியில் ஒரு பாட்டில் பிடித்தான், அதன் மேல் '10:1 எக்ஸ்ட்ராக்ட், வித்தனோலைடு 10%, அதிகபட்ச வீரியம்' என்று தங்க எழுத்து. நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை, ஊருக்கு வந்த தோழி கையில் '1300 மி.கி.' என்று கொட்டை எழுத்தில் போட்ட பாட்டிலைக் கொடுத்தனுப்பினாள்.

அப்பா ஐந்தையும் வரிசையாக வைத்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார், கடைசியில் கேட்டது ஒரே கேள்வி. "எதுலப்பா பவர் அதிகம்?"

மசாலாப் பொருள் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். மஞ்சளில் குர்குமின் எவ்வளவு, மிளகாயில் காரம் எவ்வளவு என்று அளப்பதுதான் வேலை. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு வாரம் மண்டையைக் குடைந்ததில் தெரிந்தது இதுதான்: மேஜையில் இருந்த ஐந்தில் எந்த இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது. ஒவ்வொருவரும் வேறு வேறு பொருளை அளந்து, எல்லாவற்றுக்கும் மில்லிகிராம் என்றும் சதவீதம் என்றும் பேர் வைத்திருக்கிறார்கள்.

பவர் என்ற சொல்லே நம்மைக் கெடுக்கிறது. மருந்துக் கடையில் "பாராசிட்டமால் 650 பவர் ஒரு அட்டை" என்று கேட்கிறோம். அங்கே அந்தப் பேச்சு சரி. 650 என்றால் பாராசிட்டமால் என்ற ஒரே மூலக்கூறு 650 மில்லிகிராம், எந்தக் கம்பெனி போட்டாலும் அதேதான். குறைந்தால் அது குற்றம், மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் வெளியிடும் தரமற்ற மருந்துப் பட்டியலில் பேர் வரும். மூலிகையில் 500 மி.கி. என்பது வெறும் பொடியின் எடை. 200 மில்லி காபி என்று சொல்வது மாதிரிதான். முதல் டிக்காஷனா, மூன்றாவது தடவை தண்ணீர் ஊற்றி இறக்கியதா என்று அந்த 200 உங்களுக்குச் சொல்லாது.

அமுக்கராவில் டிக்காஷன் என்று எதைச் சொல்வது? வேலை செய்வதாக நம்பப்படும் சரக்கு வித்தனோலைடு என்ற கூட்டம். கூட்டம் என்றுதான் சொல்ல வேண்டும், அது ஒரே மூலக்கூறு இல்லை, பல உண்டு. செடி கத்தரிக்காய், தக்காளி குடும்பத்தைச் சேர்ந்தது. காய்ந்த வேரில் வித்தனோலைடு ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் பொதுவாக இருக்கும், கணக்குக்கு 0.3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ரகம், மண், அறுத்த மாதம், கிடங்கில் கிடந்த காலம் எல்லாம் சேர்ந்து இதை ஏற்றும், இறக்கும்.

இப்போது மேஜைக்கு வருவோம். முதலில் அமெரிக்க பாட்டில், ஏனென்றால் அப்பாவின் கை முதலில் அதற்குத்தான் போனது.

1300 மி.கி. என்ற எண் ஐந்திலும் பெரியது. பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், அது ஒரு கேப்சூல் கணக்கில்லை, இரண்டு கேப்சூல் சேர்ந்த கணக்கு. உள்ளே இருப்பது எக்ஸ்ட்ராக்ட் (வேரிலிருந்து பிரித்தெடுத்த சாரம்) இல்லை, இயற்கை விவசாயத்தில் விளைந்த வேரின் வெறும் பொடி, கொஞ்சம் மிளகுச் சாரம் சேர்த்தது. வித்தனோலைடு சதவீதம் எங்கேயும் போடவில்லை. 1300-ஐ 0.3 சதவீதத்தால் பெருக்கினால் சுமார் 4 மில்லிகிராம் வருகிறது. மருந்துக் கடையில் நான் வாங்கிய 300 மி.கி. கேப்சூலில், லேபிளில் போட்டிருக்கும் 5 சதவீதம் உண்மை என்றால், 15 மில்லிகிராம். அதாவது 1300 'பவரை' விட 300 'பவரில்' கிட்டத்தட்ட நாலு மடங்கு சரக்கு. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, கால்குலேட்டரை எடுத்து அவரே ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

இந்த பாட்டில் பொய் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1300 மில்லிகிராம் பொடி என்றுதான் சொல்கிறது, பொடிதான் இருக்கும். நாம்தான் அதைப் பவர் என்று படிக்கிறோம். நாம் அப்படிப் படிப்போம் என்று தெரிந்துதான் அவ்வளவு பெரிதாக அச்சடிக்கிறார்கள், அது வேறு விஷயம்.

"அமெரிக்காக்காரன் செக் பண்ணாம விட மாட்டான்" என்பது அப்பாவின் வாதம். நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறோம். அங்கே 1994-ல் வந்த உணவு சப்ளிமென்ட் சட்டப்படி, இந்த மாதிரிப் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவர அந்த ஊர் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ-யின் முன் அனுமதி வேண்டியதில்லை. பாதுகாப்பு, லேபிள் இரண்டுக்கும் தயாரிப்பாளரே பொறுப்பு, பிரச்சினை வந்த பிறகுதான் அரசு உள்ளே வரும். லேபிளில் 'எஃப்டிஏ-யில் பதிவு செய்த ஆலை' என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஆலை பதிவானது என்றுதான் அதற்கு அர்த்தம், உள்ளே இருப்பதை யாராவது பார்த்தார்கள் என்று இல்லை. 2015 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஜிஎன்சி, டார்கெட், வால்கிரீன்ஸ், வால்மார்ட் என நாலு பெரிய கடைகளின் மூலிகை சப்ளிமென்ட்களை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினார். பெரும்பாலான மாதிரிகளில் லேபிளில் சொன்ன செடியின் டிஎன்ஏ-வே கிடைக்கவில்லை என்று முடிவு வந்தது, பெரிய களேபரம். ஆனால் அந்தச் சோதனைக்கும் நியாயமான எதிர்ப்பு வந்தது: எக்ஸ்ட்ராக்ட் எடுக்கும்போது சூட்டிலும் சாராயத்திலும் டிஎன்ஏ அழிந்து போகலாம், டிஎன்ஏ இல்லை என்றால் மூலிகை இல்லை என்று ஆகிவிடாது. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது இதுதான், கடைக்காரர் அளந்ததும் கேள்விக்குரியது, அரசு அளந்ததும் கேள்விக்குரியது.

அமெரிக்க பாட்டில்தான் வேண்டும் என்றால் யுஎஸ்பி, என்எஸ்எஃப் மாதிரி வெளி அமைப்பின் சரிபார்ப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அவர்கள் நிஜமாகவே பாட்டிலைத் திறந்து உள்ளே இருப்பதை அளக்கிறார்கள். தங்கை அனுப்பியதில் அது இல்லை. இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: உலகச் சந்தைக்குப் போகும் அஸ்வகந்தாவில் பெரும்பங்கு இந்தியாவில் விளைவது, மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் பக்கம்தான் பெரிய சந்தை. நீமச்சில் மூட்டை கட்டிய வேர் நியூ ஜெர்சி போய், பாட்டிலுக்குள் புகுந்து, தோழியின் சூட்கேஸில் மதுரை வந்து சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

சரி, தம்பியின் தங்க எழுத்து பாட்டில். ஐந்தில் என்னை அதிகம் கோபப்படுத்தியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

'10:1' என்றால் பத்துக் கிலோ வேரிலிருந்து ஒரு கிலோ எக்ஸ்ட்ராக்ட் எடுத்தோம் என்று அர்த்தம். அதற்கு மேல் எதுவும் இல்லை. வேர் சொத்தை என்றால் சொத்தையைப் பத்து மடங்கு சுண்டியிருக்கிறார்கள். எதில் ஊறவைத்து எடுத்தார்கள், தண்ணீரா, சாராயமா என்பதைப் பொறுத்து உள்ளே இறங்குவது மாறும், அதையும் லேபிள் சொல்வதில்லை. எடுத்த பிறகு மால்டோடெக்ஸ்ட்ரின் மாதிரி மாவுச் சரக்கைச் சேர்த்துப் பொடியாக்குவது வழக்கம், அது எவ்வளவு என்றும் தெரியாது.

சரி, லேபிளில் இருக்கும் இரண்டு எண்ணையும் அப்படியே நம்புவோம் என்று கணக்குப் போட்டேன். பத்துக் கிலோ வேர், 0.3 சதவீதம், ஆக மொத்தம் 30 கிராம் வித்தனோலைடு. ஒரு துளி வீணாகாமல் அத்தனையும் ஒரு கிலோ எக்ஸ்ட்ராக்டுக்குள் வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் அது 3 சதவீதம்தான். 10 சதவீதம் வர வேண்டும் என்றால் 33 கிலோ வேராவது வேண்டும். அப்படியானால் 10:1 என்பதும் 10% என்பதும் ஒரே பாட்டிலில் எப்படி? சாத்தியம் மூன்றுதான். ஒன்று, வேர் மூன்று மடங்கு உசத்தியானது. இரண்டு, வேரோடு வேறு எதுவோ சேர்ந்திருக்கிறது. மூன்று, அளந்த விதத்தில் வித்தை இருக்கிறது.

வேறு எதுவோ என்றால் பெரும்பாலும் இலை. வேர் விலை உயர்ந்தது, இலை மலிவு, இலையில் வித்தஃபெரின் ஏ என்ற வித்தனோலைடு தாராளமாக இருக்கும். இலையைக் கலந்தால் மொத்தச் சதவீதம் ஏறிவிடும், லேபிள் அழகாகிவிடும். ஆனால் நம் வைத்திய மரபு பயன்படுத்தி வந்தது வேரை. இலையைச் சேர்க்க வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. சில பெரிய எக்ஸ்ட்ராக்ட் கம்பெனிகள் வேரும் இலையும் என்று வெளிப்படையாகவே போடுவார்கள், அது நேர்மை. தம்பியின் பாட்டிலில் 'விதானியா சோம்னிஃபெரா எக்ஸ்ட்ராக்ட்' என்று மட்டும்தான் இருந்தது. வேர் என்ற சொல்லே இல்லை.

மூன்றாவது, அளக்கும் விதம். இதில்தான் எனக்கு அனுபவம் உண்டு. வித்தனோலைடை அளக்க ஒரு மலிவான வழி இருக்கிறது. எக்ஸ்ட்ராக்டைக் கரைத்து, ஒரு கரைப்பானில் பிரித்தெடுத்து, காயவைத்து, மிச்சம் நின்றதை எடை போடுவது. நின்றது எல்லாமே வித்தனோலைடு என்று கணக்கில் ஏறும். வலையில் வந்த நண்டு, பாசி, கிழிந்த செருப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் தராசில் வைத்து "இன்னைக்கு நாப்பது கிலோ வஞ்சிரம்" என்று சொல்கிற மாதிரி. இன்னொரு வழி ஹெச்பிஎல்சி. அது ஒவ்வொரு மூலக்கூறையும் தனியாகப் பிரித்து அளக்கும், செலவு அதிகம், எண் குறைவாக வரும். ஒரே மாதிரியை இரண்டு வழியிலும் அளந்தால் முதல் வழி பெரிய எண்ணைக் காட்டும். ஹெச்பிஎல்சி-யிலும் எத்தனை வித்தனோலைடைக் கூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும், ஆனால் அங்கே குறைந்தபட்சம் மீனை மீன் என்று பார்த்துத்தான் கூட்டுகிறார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே மஞ்சள் மூட்டைக்கு இரண்டு ஆய்வகத்தில் இரண்டு குர்குமின் எண் வந்து, வாங்குபவர் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, விற்பவர் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ள, நடுவில் நாங்கள் முழித்த நாட்கள் உண்டு.

அந்தக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். மூன்று கேள்வி: எந்தப் பாகம், எந்த முறையில் அளந்தீர்கள், இந்த பேட்ச் எண்ணுக்கான சோதனைச் சான்றிதழ் கிடைக்குமா. ஒன்பது நாள் கழித்து "தங்கள் ஆரோக்கியமே எங்கள் நோக்கம்" என்று தொடங்கி ஒரு பதில் வந்தது. கூடவே ஒரு பிடிஎஃப். பாட்டிலில் இருந்த பேட்ச் எண் வேறு, பிடிஎஃப்பில் இருந்தது வேறு. அது கேப்சூலுக்கான சோதனையும் இல்லை, எக்ஸ்ட்ராக்ட் விற்றவர் கொடுத்த பழைய தாள். அளந்த முறை என்ற கட்டத்தில் எடை போடும் முறையின் பேர்தான் இருந்தது. செருப்பும் சேர்ந்த வஞ்சிரம்.

பாட்டிலில் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருக்கிறதே என்று தம்பி மல்லுக்கு நின்றான். இருக்கிறது. அது ஆலை உரிமம் பெற்றது என்று சொல்லும் எண். நம் நாட்டில் இந்தப் பொருள்களுக்கு 2016-ல் தனி ஒழுங்குமுறை வந்தது, லேபிளில் மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று போட வேண்டும், பொய்யாக லேபிள் போட்டால் தண்டனை உண்டு, எல்லாம் சரி. ஆனால் 10 சதவீதம் என்று அச்சடிக்கும் முன்னால் யாரும் வந்து அளந்து பார்த்து முத்திரை குத்துவதில்லை. மூலிகை இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக் கதை ஒன்று: 2024-ல் இந்தியச் சந்தையில் இருந்த 36 புரதப் பொடிகளை வாங்கி ஆராய்ந்தபோது 25-ல் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துவரவில்லை. புரதத்தை அளப்பதே இப்படி என்றால் வித்தனோலைடு எம்மாத்திரம்?

தப்பு எப்போதும் குறைவான பக்கம்தான் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் அமெரிக்காவில் தூக்கத்துக்கு விற்கும் மெலடோனின் மிட்டாய்கள் 25-ஐச் சோதித்தார்கள், 22-ல் லேபிள் தப்பு, மெலடோனின் இருந்தவற்றில் லேபிள் அளவில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை ஓடியது, ஒன்றில் மெலடோனினே இல்லை. அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று கேட்பவர்களுக்கு: அஸ்வகந்தா சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி 2020-ல் ஒரு மருத்துவக் கட்டுரை வந்தது, ஐந்து பேர், அவர்களில் மூன்று பேர் ஐஸ்லாந்துக்காரர்கள். கிடைத்த மாத்திரைகளைச் சோதித்ததில் உள்ளே அஸ்வகந்தாதான் இருந்தது, வேறு விஷம் எதுவும் அகப்படவில்லை. டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது. எனக்கு அந்தத் தடை கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது, ஆனாலும் எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாமல் ஒன்றை மாதக்கணக்கில் விழுங்குவது எனக்கு உடன்பாடில்லை.

மருந்துக் கடை கேப்சூல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்குப் பெருமை. லேபிளில் 'வேர் மட்டும்' என்று இருந்தது. எக்ஸ்ட்ராக்டின் வணிகப் பேர் கேஎஸ்எம்-66 என்று இருந்தது, அது ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியுடையது. 5 சதவீதம், ஹெச்பிஎல்சி முறையில் என்று முறையையும் போட்டிருந்தார்கள். இந்த மாதிரி பேர் உள்ள எக்ஸ்ட்ராக்டில் ஒரு வசதி, ஆய்வு நடந்ததும் அதே பொருளில்தான். 2012-ல் மன அழுத்தம் உள்ள 64 பேரிடம் 60 நாள் நடந்த ஆய்வில் கொடுத்தது 300 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை. அதைப் படித்துவிட்டு வெறும் பொடியை 300 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அந்த ஆய்வோடு சம்பந்தமே இல்லாத வேலை. 64 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விலை 60 கேப்சூல் 550 ரூபாய், ஒன்று ஒன்பது ரூபாய்ச் சொச்சம். வணிகப் பேரை மட்டும் லேபிளில் போட்டுவிட்டு உள்ளே வேறு சரக்கை அடைக்கிறவர்களும் இருப்பார்கள் என்பதால் பேட்ச் எண்ணைப் போட்டு இவர்களுக்கும் அதே மூன்று கேள்வி அனுப்பினேன். மூன்றாம் நாளே அதே பேட்ச்சின் தாள் வந்தது. 5.2 சதவீதம்.

அம்மாவின் கிழங்கு ஒரு விதத்தில் ஐந்திலும் நேர்மையானது. அதன் மேல் எந்த எண்ணும் இல்லை. காகிதப் பொட்டலம், 90 ரூபாய். கடைக்கார அண்ணாச்சியிடம் "இதுல வித்தனோலைடு எவ்வளவு?" என்று கேட்டேன், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கிழங்கை எடுத்து ஒடித்துக் காட்டினார். பட்டென்று ஒடிந்தது, உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி. "நமுத்துப் போனா வளையும், ஒடியாது. வண்டு குத்துனா பொடி உதிரும். மோந்து பாருங்க." மோந்து பார்த்தேன். லாயத்து வாடை. அஸ்வம் என்றால் குதிரை, கந்தம் என்றால் மணம், பேர் வைத்தவன் சும்மா வைக்கவில்லை.

முழுக் கிழங்காக வாங்குவதில் இதுதான் லாபம், கண்ணும் மூக்கும் கொஞ்சம் வேலை செய்யும். அதையே அதே கடையில் பொடியாக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. சாரம் எடுத்த சக்கையைக் காயவைத்துப் பொடியில் கலப்பது மூலிகை வியாபாரத்தில் பழைய தில்லுமுல்லு, பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது, வாடைகூட லேசாக இருக்கும். கண்ணும் மூக்கும் வித்தனோலைடை அளக்காது என்பதும் உண்மை, பூஞ்சை நஞ்சையும் பூச்சிக்கொல்லியையும் அவை கண்டுபிடிக்காது என்பதும் உண்மை. ஆயுர்வேத மருந்தியல் நூல் வேர்ப் பொடிக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். 5 கிராம் என்று வைத்தால், நம் 0.3 சதவீதக் கணக்கில் 15 மில்லிகிராம், ஒரு மருந்துக் கடை கேப்சூலுக்குச் சமம், செலவு நாலரை ரூபாய். பாதி விலை. ஆனால் தினம் அவ்வளவு பொடியைப் பாலில் கலந்து குடிக்க வேண்டும். அப்பா ஒரு நாள் குடித்தார். மறுநாள் பால் டம்ளர் அப்படியே ஆறிக் கிடந்தது.

அப்புறம் அத்தையின் சூரணம். இதைத்தான் நாங்கள் எல்லாரும் தப்பாகப் புரிந்துவைத்திருந்தோம். அமுக்கரா சூரணம் என்றால் அமுக்கராப் பொடி என்று நினைத்தோம். இல்லை. சித்த மருத்துவ முறையில் அது ஒரு கூட்டு: கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு, மனப்பாடமாக ஒப்பிக்கிற மாதிரி அழகான கணக்கு. கூட்டினால் 255 பங்கு, அதில் அமுக்கரா 64, அதாவது கால்வாசிதான். பாதி சர்க்கரை. இரண்டு கிராம் சூரணம் சாப்பிட்டால் அமுக்கரா அரை கிராம், வித்தனோலைடு கணக்கில் ஒன்றரை மில்லிகிராம். கேப்சூலில் பத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் சூரணம் வீண் என்று முடிவு கட்டலாமா? நான் கட்ட மாட்டேன். சித்த மருத்துவம் வித்தனோலைடை எண்ணிச் சூரணம் செய்யவில்லை, கிழங்கைப் பாலில் பிட்டவியலாக (புட்டு மாதிரி ஆவியில் அவித்து) சுத்தி செய்து, சுக்கு, திப்பிலியோடு சேர்த்து, எதில் கலந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒரு முழுமையாக வைத்திருக்கிறது. அதை அதன் அளவுகோலில்தான் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலிலேயே ஒரு விஷயம் உறுத்துகிறது. சூரணத்துக்கு வீரியம் மூன்று மாதம் என்று சித்த மரபே சொல்கிறது. அத்தையின் டப்பாவில் தயாரித்த தேதி பார்த்தேன், பதினாலு மாதம். லேபிளின் காலாவதி தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. அத்தைக்குச் சர்க்கரை நோய் வேறு உண்டு, பாதி சர்க்கரை என்று சொன்னதும் "அதான் நல்லா இருந்துச்சா" என்றார்.

சூரணம்தான் வேண்டும் என்றால் சித்த மருந்து என்று போட்டு, உரிம எண், எந்த நூலின் முறைப்படி செய்தது, சரக்குகளின் அளவு எல்லாம் உள்ளதாக, கிட்டத்தில் தயாரித்ததாகப் பார்த்து வாங்குங்கள். அரசு சித்த மருத்துவமனைகளுக்கும் மாவட்ட மருத்துவமனை சித்தா பிரிவுகளுக்கும் மருந்து செய்து கொடுக்கும் டாம்ப்கால் 1983-ல் தொடங்கிய தமிழக அரசு நிறுவனம், 1944-ல் தொடங்கிய இம்ப்காப்ஸ் சென்னையில் இருக்கும் கூட்டுறவு. சரக்கு வேகமாக நகரும் இடத்தில் வாங்கினால் டப்பா பழையதாக இருக்கும் வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான் என் கணக்கு.

ஆக, என் முடிவு. எக்ஸ்ட்ராக்டாகத்தான் சாப்பிடுவேன், ஆய்வில் சொன்ன அளவு உள்ளே போக வேண்டும் என்பவருக்கு, பாகம், முறை, சதவீதம் மூன்றும் போட்ட, கேட்டால் அதே பேட்ச்சின் தாளைக் காட்டுகிற கேப்சூல். எண் சின்னதாக இருந்தால் கவலை வேண்டாம், முறையோடு போட்ட 5 எனக்கு முறையில்லாத 10-ஐ விடப் பெரியது. காசு குறைவாக வேண்டும், பொடி இறங்கும் என்பவருக்கு முழுக் கிழங்கு, வீட்டு மிக்சியில் அரைத்தது. வைத்தியர் பார்த்து எழுதிக் கொடுத்தால் சூரணம், புதுசாக. பொடியை எடை போட்டு விற்கும் அமெரிக்க பாட்டிலுக்கு நான் பணம் கொடுக்க மாட்டேன், அன்பளிப்பாக வந்தால் வாங்கிக்கொள்வேன். தங்க எழுத்துப் பாட்டில் இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

இவ்வளவு ஆராய்ச்சியும் முடிந்த பிறகு நடந்தது வேறு. கேப்சூலைத் தொடங்குவதற்கு முன்னால் அப்பாவை அரசு மருத்துவமனை சித்தா பிரிவுக்குக் கூட்டிப் போனேன், ஓபி சீட்டு, ஒரு மணி நேரம் வரிசை. அந்த டாக்டர் முதலில் கேட்டது "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?" அப்பா ஐந்து வருஷமாகத் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். மேஜையில் ஐந்து பாட்டிலை வைத்துக் கணக்குப் போட்ட எனக்கு அது தோன்றவே இல்லை. அஸ்வகந்தா தைராய்டு அளவை ஏற்றிவிடலாம், முதலில் ரத்தப் பரிசோதனை எடுத்து வாருங்கள், அதுவரை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எடுத்துப் பார்த்தால் மாத்திரை அளவே அப்பாவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதுவே தூக்கத்தைக் கெடுக்கும் என்று தைராய்டு டாக்டர் அளவைக் குறைத்தார். இப்போது ஐந்து மணி வரை தூங்குகிறார், சில நாள் நாலரை.

கேப்சூல் பிரிக்காமல் இருக்கிறது. தம்பியின் பாட்டிலைத் திருப்பி அனுப்பக் கேட்டோம், திறந்ததை எடுக்க மாட்டார்களாம். பேட்ச் எண் ஏன் வேறாக இருக்கிறது என்று நான் போட்ட இரண்டாவது மெயிலுக்கு இன்னும் பதில் இல்லை, அதே முகவரியிலிருந்து தள்ளுபடி விளம்பரம் மட்டும் தினம் காலையில் வந்துகொண்டிருக்கிறது.